யூரியாவோடு எதைக் கலப்பது?

கேள்வி: மானூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கரிசல் மண். மேலுரமாக வீசும் யூரியா பாதி வீணாகிறது என்று சொல்லி, கலப்பதற்கு உரக்கடை அண்ணாச்சி இரண்டு மூன்று பாட்டில்களைக் காட்டுகிறார். எதை வாங்கலாம்?

பதில்: யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) உங்கள் வயலை விட்டு எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆவியாக மேலே போகலாம், தண்ணீரோடு கீழே இறங்கலாம், தண்ணீர் கட்டி நின்றால் வாயுவாக மாறியும் போகலாம். ஒரு வழியை அடைக்கிற மருந்து இன்னொன்றை அடைக்காது.

உங்களுக்கு முதல் வழிதான் பெரிது. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. சுண்ணாம்பும் காரமும் கூடிய கரிசலில், நம் ஊர் வெயிலில், அது எளிதில் காற்றோடு போய்விடும். ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைவிட மோசம் சாரல். யூரியாவைக் கரைக்கும் அளவுக்கு நனைக்கும், மண்ணுக்குள் இறக்கும் அளவுக்குப் பெய்யாது.

இந்த இழப்புக்கான மருந்து என்.பி.பி.டி. யூரியேஸை ஒன்றிரண்டு வாரம் மட்டுப்படுத்தி வைக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஹியூமிக், கடற்பாசிச் சாறு என்று மட்டும் இருந்தால் அது இந்த வேலைக்கு ஆனதல்ல.

டி.சி.டி., நைட்ராபைரின், டி.எம்.பி.பி. எல்லாம் வேறு ரகம். அம்மோனியச் சத்து நைட்ரேட்டாக மாறுவதைத் தள்ளிப்போடும். தண்ணீரோடு கீழே இறங்குவதும், தண்ணீர் கட்டினால் வாயுவாகப் போவதும் அந்த நைட்ரேட்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் வயலுக்கோ உடன்குடிப் பக்கத்துத் தேரி மணலுக்கோ அது பொருந்தும். மேலே வீசிய யூரியா ஆவியாவதை அது தடுக்காது. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வர வேண்டும் என்று விதி. வேம்பு செய்வதும் பெரும்பாலும் நைட்ரேட்டாவதைத் தள்ளிப்போடும் இதே வேலைதான். அப்புறம் எதற்கு வேப்பெண்ணெய் பாட்டிலுக்குத் தனிக் காசு?

விலையையும் பாருங்கள். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மூட்டைக்கு 90 ரூபாய் மருந்து ஆகிறதென்றால், மூன்றில் ஒரு பங்கு யூரியாவையாவது அது காப்பாற்ற வேண்டும்.

சரி, உங்களுக்கு என் யோசனை: கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை பாட்டில் வேண்டாம். கால் பங்கு தழைச்சத்தை அடியுரமாகவும், பாதியை 25ஆம் நாளிலும், மீதியை 45ஆம் நாளிலும் கொடுங்கள். மேலுரத்தை வீசாமல் செடிக்குப் பக்கவாட்டில் இட்டு, இரண்டு அங்குலம் மண் மூடி, அன்றே தண்ணீர் பாய்ச்சுங்கள். 25ஆம் நாள் உரத்தைக் களையெடுத்து மண் அணைக்கும் வேலையோடு சேர்த்துக்கொண்டால் தனிக் கூலி இல்லை.

ஆள் கிடைக்காமல், தண்ணீரும் தள்ளிப்போய், யூரியாவை மேலேயே வீச வேண்டி வந்தால் என்.பி.பி.டி. வாங்கலாம். குருணையில் சீராகப் படியும்படி கலக்க வேண்டும். நாலு பாருக்கு (வரிசைக்கு) மட்டும் மருந்து கலக்காத யூரியாவை அதே அளவில் போட்டு, அறுவடையில் கதிரைத் தனியாக எடை போடுங்கள். இலைப் பச்சையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.