டெல்லிக் குளிரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: மூடிவைக்காதீர்கள், ஓட்டுங்கள்

கேள்வி: என்னிடம் கேன்வாஸ் கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் காரான 2012ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய காராக வாங்கினேன். டிசம்பர் வந்ததும் உறை போட்டு மூடிவிட்டு, தினமும் காலையில் பத்து நிமிடம் எஞ்சினை மட்டும் ஓடவிடுவேன். சென்ற ஜனவரியில் பதினைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பேட்டரி செத்துவிட்டது. முன் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. இந்த மார்கழியில் விடியற்காலை மலை மந்திர் முருகன் கோவிலுக்கு இந்தக் காரிலேயே போகலாமா? பொங்கல் கழித்து, ஷிம்லாவுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் நார்கண்டாவில் பனி பார்க்கப் போகவும் மனைவிக்கு ஆசை. கார் தாங்குமா?
– மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதல் வேலையாக அந்தப் பத்து நிமிடப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காருக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் தினமும் செய்வதுதான் அதற்கு அதிகக் கெடுதல் செய்கிறது.

டெல்லிக் குளிரைக் கண்டு இந்த எஞ்சின் அஞ்ச வேண்டியதே இல்லை. டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரி பதிவானது. அந்த நிலையத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 தான். 2011 வரை வந்த பாக்ஸ்டர்களில் பெரும்பகுதி ஃபின்லாந்தில், வால்மெட் ஆலையில் உருவானவை. மைனஸ் 20 டிகிரி பழகிப்போன நாடு அது. குளிர் உங்கள் காரைக் கெடுக்காது. சூடேறாத எஞ்சினுக்குள் தங்கும் ஈரம் கெடுக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாக வெளியே போய்விடும். ஆறிய எஞ்சினை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், அந்த ஆவி சைலன்சருக்குள்ளும் எஞ்சினின் அடிப்பகுதியிலும் நீராகப் படிந்துவிடும். குளிரில் எஞ்சின் வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலை இழுக்கும். எரியாமல் எஞ்சியது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். நாளை காலை காரின் பின் டிக்கியைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மோர்க்குழம்பு நிறத்தில் பிசின் போல ஏதாவது ஒட்டியிருந்தால், அது ஆயிலில் தண்ணீர் கலந்து கடைந்த நுரை. சூடேறாமல் நின்று நின்று ஓடும் கார்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உடனே எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள். மூடியைத் துடைத்துவிட்டு நாற்பது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பவும் பாருங்கள். நுரை மீண்டும் வராமல், எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்டின் அளவும் குறையாமல் இருந்தால் கவலை இல்லை. கூலன்ட் குறைந்துகொண்டே போனால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வாரம் ஒரு முறை, தொடர்ச்சியாக முப்பது நாற்பது நிமிடம் ஓட்டினால் போதும். கிளப்பியதும் அரை நிமிடம் காத்திருந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததுமே ஆயிலும் சூடாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆயில் விஷயத்தில் தயாரிப்பாளர் சொல்லும் 0டபிள்யூ-40 தரத்தையே ஊற்றுங்கள். குளிருக்கென்று தனி ஆயில் தேவையில்லை. குளிர்காலம் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள், அழுக்கு ஆயிலில் ஈரமும் சேர்ந்து மூன்று மாதம் ஊறுவது நல்லதல்ல.

இனி பேட்டரி. குளிரில் அதன் வலு குறையும். சுழியம் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்காவது போய்விடும். ஆயில் கெட்டியாவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் மின்சாரமோ கூடும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் செலவாகும் மின்சாரத்தைப் பத்து நிமிட ஐடிலிங் ஈடுகட்டுவதில்லை. அப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிய பேட்டரிதான் நீங்கள் ஊரில் இருந்த பதினைந்து நாளில் முழுவதும் இறங்கியிருக்கும். பூட்டிய காரிலும் அலாரமும் கடிகாரமும் விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

முந்நூறு ரூபாய்க்கு, வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்யுங்கள். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்கலாம். பேட்டரிக்கு ஐந்து வயது தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். உங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் மின்சாரப் பிளக் இருந்தால், நிறைந்ததும் தானே நின்றுவிடும் பராமரிப்பு சார்ஜரை மாட்டிவிட்டு ஊருக்குப் போகலாம். பிளக் இல்லையென்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அப்போது முன் மூடியைப் பூட்டு பிடிக்கும் அளவுக்கு அழுத்தி மூடக்கூடாது. மூடினால் சென்ற ஜனவரி கதைதான்.

அந்தக் கதைக்கும் வழி இருக்கிறது. இது தெரியாமல் பூட்டை நெம்பி உடைத்த கார்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பேட்டரி முன் மூடிக்குள், விண்ட்ஷீல்டுக்கு அருகே இருக்கிறது. மூடியைத் திறப்பதோ மின்சாரத்தால். சாவியைத் துளையில் போட்டுத் திருகிக் கதவைத் திறங்கள். கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதன் மூடியைக் கழற்றினால் சிவப்பு நிறத்தில் ஒரு முனை தெரியும். அதை வெளியே இழுத்து, வேறொரு பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளை அதில் மாட்டுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கதவு வந்து மாட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியில் கவ்வவிடுங்கள். அலாரம் அலறும், பதற வேண்டாம். ரிமோட்டில் முன் மூடிக்கான பொத்தானை அழுத்தினால் பூட்டு திறந்துகொள்ளும். இந்த இணைப்பு பூட்டைத் திறக்க மட்டுமே. இதை வைத்து எஞ்சினைக் கிளப்ப முயன்றால் மெல்லிய ஒயர் உருகிவிடும். மூடி திறந்ததும் கேபிள்களைப் பேட்டரிக்கே மாற்றிக்கொண்டு கிளப்புங்கள்.

டயரில் காற்றைப் பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். ஜூன் மாதம் 40 டிகிரியில் 33 வைத்து அடித்தது ஜனவரி விடியலில் 28 ஆகிவிடும். ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளந்து, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1418 என்றால் 2018ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம் ஓடாததால் பட்டை தேயாமலே டயர் கிழடாகிவிடும். பார்க்கப் புதிதுபோல் இருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் நான் என் காரில் வைத்திருக்க மாட்டேன்.

கேன்வாஸ் கூரையை டெல்லியில் பலர் கவனிப்பதே இல்லை. பனியும் புகையும் சேர்ந்து இரவில் அதன்மேல் கரிய ஈரமாகப் படிகிறது. ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும், குளிரில் விறைத்திருக்கும்போது மடித்தால் மடிப்பில் துணி வெடிக்கும். வெயில் ஏறி, துணி காய்ந்து, கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் திறக்க வேண்டும். ஜனவரியில், மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சியான மேற்கத்திய இடையூறு கொண்டுவரும் மழைக்கு முன் கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, இரு ஓரங்களிலும் உள்ள வடிகால் துளைகளில் இலைக்குப்பை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கார்பெட்டை ஊறவைத்து, இருக்கைக்கு அடியில் ஓடும் ஒயர் இணைப்புகளை அரிக்கும். பம்பரின் இரு முனைகளிலும் உள்ள ரேடியேட்டர் வாய்களிலும் இலை சேரும், அதையும் எடுத்துவிடுங்கள்.

காரை நிறுத்திவைக்கும் நாட்களில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வையுங்கள். ஈரத்தில் பிரேக் கட்டை ஒட்டிக்கொள்ளும். கதகதப்புக்காகப் பூனை உள்ளே புகுந்து படுத்திருக்கலாம். கிளப்பும் முன் பக்கவாட்டைக் கையால் நாலு தட்டுத் தட்டுங்கள்.

மலை மந்திருக்குத் தாராளமாகப் போங்கள். மயூர் விஹாரிலிருந்து ராமகிருஷ்ணபுரம் வரையான தூரம் எஞ்சினும் ஆயிலும் சூடேறப் போதுமானது. உங்கள் காலை பத்து நிமிடத்துக்கு இதைவிட நல்ல மாற்று வேறில்லை. கவனம் முழுக்க மூடுபனியில் இருக்கட்டும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது வானிலைத் துறை. உங்கள் கார் தரையோடு தரையாக இருப்பதால், லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் கடைசியில்தான் தெரிவீர்கள். ஹை பீம் போட்டால் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும். லோ பீமும் ஃபாக் விளக்கும் போதும். பின்பக்கச் சிவப்பு ஃபாக் விளக்கு இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். மூடுபனியில் அதை எரியவிடுங்கள், பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். ஓடும் காரில் நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட வேண்டாம், நீங்கள் திரும்புவது யாருக்கும் புரியாது.

கண்ணாடி மங்கினால் ஏசியைப் போட்டு, வெப்பத்தைக் கூட்டி, காற்றை விண்ட்ஷீல்டுக்குத் திருப்புங்கள். ஏசி காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும். புகைக்குப் பயந்து வெளிக்காற்றை அடைத்தே வைத்திருந்தால், இவ்வளவு சிறிய காருக்குள் இருவர் விடும் மூச்சே கண்ணாடியை மறைத்துவிடும். கேபின் ஃபில்டரை நவம்பரில் புதிதாக மாற்றிவிட்டு வெளிக்காற்றை உள்ளே விடுவதுதான் என் வழக்கம். ஓட்டுபவருக்குச் சாலை தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆவணம் பற்றி ஒரு வார்த்தை. டெல்லியில் 2010 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் கட்டாயமானது. எனவே காற்று மோசமாகும் நாட்களில் மாசுக் கட்டுப்பாட்டு நடவடிக்கையின் மூன்றாம் கட்டத்தில் நிறுத்தப்படும் பாரத் ஸ்டேஜ் 3 பெட்ரோல் கார்களில் உங்களுடையது சேராது. பதிவுச் சான்றிதழில் அது சரியாகக் குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகைச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கட்டும். 2027இல் காருக்குப் பதினைந்து வயது முடிகிறது, அதோடு முதல் பதிவின் காலமும் முடியும். வேறு மாநிலத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே தொடங்குங்கள்.

நார்கண்டாவுக்கு மட்டும் இந்தக் காரில் போக வேண்டாம். உங்கள் மனைவியின் ஆசையைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கோடைக்கால டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனிக்கட்டியில் அது கண்ணாடிமேல் கண்ணாடி வைத்ததுபோல வழுக்கும். நார்கண்டா போகும் வழியில் குஃப்ரியைத் தாண்டியதும் வெயில் படாத வளைவுகளில் உருகிய பனி இரவில் உறைந்து, கருப்புச் சாலையோடு சாலையாகக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். பின்சக்கரத்தில் இழுக்கும், எடை குறைந்த, தாழ்ந்த காருக்கு அது இடமல்ல. குளிர்கால டயர் நம் ஊரில் எளிதில் கிடைப்பதும் இல்லை.

ஷிம்லா வரை போகலாம். பனிப்பொழிவு அறிவிப்பு இல்லாத நாளாகப் பார்த்து, மலையேற்றத்தைப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். அங்கே கூரையுள்ள வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, நார்கண்டாவுக்கு உள்ளூர் டாக்ஸி பிடியுங்கள். அந்த ஓட்டுநருக்கு எந்த வளைவு உறையும் என்று தெரியும். புறப்படும் முன் கூலன்டைக் கட்டாயம் சோதியுங்கள். கோடையில் யாராவது குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தால் அதன் உறைநிலை மேலே ஏறியிருக்கும். தண்ணீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு விரியும், ரேடியேட்டரும் எஞ்சினும் பிளந்துவிடும். பாதி கூலன்ட், பாதி சுத்திகரித்த தண்ணீர் என்றால் மைனஸ் 35 வரை பயமில்லை.

ஷிம்லாவில் காலையில் கதவைத் திறக்கும்போது கவனியுங்கள். இந்தக் காரின் ஜன்னல் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரற்கடை கீழே இறங்கி ரப்பரை விட்டு விலக வேண்டும். உறைந்து ஒட்டியிருந்தால் இறங்காது. அப்போது கதவை வலிந்து இழுக்காதீர்கள், கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றவும் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். உள்ளங்கையை ரப்பர் ஓரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, வெயில் வரும்வரை பொறுத்திருங்கள்.