புகழ்பெற்ற ஓவியத்தைப் போலவே வீட்டில் தற்படம் (செல்ஃபி) எடுப்பது எப்படி?

உடைகளைத் தேடுவதற்கு முன், ஓவியத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். ஒளி தவறினால் எவ்வளவு பொருத்தமான உடையும் மாறுவேடமாகவே தெரியும். டச்சு ஓவியர் வெர்மீர் 1665 அளவில் வரைந்த ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒளி நமக்கு இடப்புறமிருந்து விழுகிறது. ஆகவே, நேர்வெயில் படாத ஒரு ஜன்னலை நோக்கி உட்கார்ந்து, உங்கள் இடப்பக்கத்தில் கேமராவை வைத்து, இடது தோளுக்கு மேலாக அதைத் திரும்பிப் பாருங்கள். கைப்பேசியின் முன்கேமரா திரையில் இடவலம் மாற்றிக் காட்டிக் குழப்பும் என்பதால், பின்கேமராவையும் டைமரையும் பயன்படுத்துவதே நல்லது.

பின்னணித் துணி கருப்பாகவோ கரும்பச்சையாகவோ இருக்கலாம். இன்று இருளாகத் தெரியும் அந்தப் பின்னணி முதலில் பச்சைத் திரையாக இருந்ததென 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. துணியை, கேமராவுக்கு எதிரே உங்கள் வலப்பக்கத்தில், சில அடி தள்ளித் தொங்கவிட்டால் ஜன்னல் ஒளி அதில் அதிகம் படாது.

முத்துக்காக அலைய வேண்டாம். உற்றுப் பார்த்தால், மேலே ஒரு வெள்ளைத் தீற்றலும் கீழே வெண்கழுத்துப்பட்டியின் மங்கலான பிரதிபலிப்பும் மட்டுமே அங்கே இருக்கின்றன, கொக்கிகூட வரையப்படவில்லை. பளபளப்பான எந்த உருண்டையும் போதும், ஆனால் கழுத்தருகே வெள்ளைத் துணி கட்டாயம் வேண்டும்.