அமெரிக்கக் கல்லூரி சாக்கர் (கால்பந்து) தேர்வு: கேட்டவர்களுக்குப் பதில்

கல்லூரி விளையாட்டின் மூன்று மட்டங்களில் மேலே இருக்கும் டிவிஷன் 1-இல், ஆண்கள் அணி ஒன்றில் எட்டு வருடம் உதவி கோச்சாக இருந்தேன். யாரைச் சேர்க்கலாம் என்று பட்டியல் போடுவதுதான் என் வேலை. இங்கே பிள்ளைகளை ஆடவைக்கும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கோச் முதலில் எதைப் பார்ப்பார்?

தன் அணியில் எந்த இடம் காலியாகப்போகிறது என்று பார்ப்பார். இதை எத்தனை முறை சொன்னாலும் பெற்றோர் நம்புவதில்லை. இரண்டு சென்டர் பேக் (நடுவில் நின்று தடுப்பவர்கள்) படிப்பை முடித்துப் போகிறார்கள் என்றால் எங்களுக்கு வேண்டியது இரண்டு சென்டர் பேக், விங்கர் (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) எவ்வளவு அபாரமாக ஆடினாலும் பேரைக் குறித்துக்கொண்டு அடுத்த மைதானத்துக்கு நடந்துவிடுவோம். ஒருமுறை ஸ்ட்ரைக்கர் ஒருவனைப் பார்க்கப் போய், எதிரணியின் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை எடுத்துக்கொண்டு வந்தோம்.

அப்புறம்தான் ஆட்டம். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறானா? பந்தைப் பறிகொடுத்த உடனே ஓடுகிறானா, கையை விரித்துக்கொண்டு நிற்கிறானா? கோல்களைவிட இதைத்தான் நான் அதிகம் எழுதிவைத்தேன்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தான் நடத்தும் கேம்ப்புக்கு (பயிற்சி முகாம்) அழைத்திருக்கிறது. அவளைப் பிடித்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. டிவிஷன் 1 கோச் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன்னால் சேர்க்கை பற்றி எழுதவோ பேசவோ கூடாது. கேம்ப் அறிவிப்புக்கு அந்தத் தடை கிடையாது, அதனால்தான் அது அத்தனை பேருக்கும் வருகிறது.

கேள்வி: கோச்சுக்கு அனுப்பும் ஆட்ட வீடியோ எவ்வளவு நீளம்?

நாலு நிமிடம் போதும். நல்ல காட்சிகள் முதலில், பாட்டு வேண்டாம். ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பும் கொடுங்கள்.

கேள்வி: டிவிஷன் 3-இல் விளையாட்டு உதவித்தொகை உண்டா?

கிடையாது, ஐவி லீகிலும் (ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள்) கிடையாது. மதிப்பெண்ணுக்கோ குடும்ப வருமானத்தை வைத்தோ உதவி கிடைக்கலாம்.

கேள்வி (கேம்ப் பற்றிக் கேட்ட அதே அம்மா): எங்கள் உறவினர் மகனை கேம்ப்பில்தான் எடுத்தார்கள். நீங்கள் சொல்வது தவறு.

எடுத்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவன் உள்ளே நுழையும்போதே அவன் பேர் கோச்சின் பட்டியலில் இருந்ததா என்று கேட்டுப்பாருங்கள். எங்கள் கேம்ப்பில் அப்படி முன்பே குறித்துவைத்த பிள்ளைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள், மற்றவர்கள் கட்டணம் கட்டி வந்தவர்கள். என் வருமானத்தில் ஒரு பங்கு அந்தக் கட்டணத்திலிருந்து வந்தது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அந்த ஊரில் ஆடிப்பார்க்க ஆசை என்றால் தாராளமாகப் போகட்டும். ஆனால் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். ஜூன் 15 தாண்டியதும் மகளையே நேராக எழுதச் சொல்லுங்கள்: நான் சேரும் வருடத்துக்கு, நான் ஆடும் இடத்துக்கு ஆள் தேடுகிறீர்களா, என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தேவை இருக்கிற கோச் பதில் போடுவார்.

கேள்வி: மகனுக்கு மூன்று கேம்ப் அழைப்பு வந்திருக்கிறது...

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். படியுங்கள்.

கேள்வி: முழங்கால் காயத்துக்குப் பிறகு எப்போது ஆடலாம்?

எலும்பு மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: நல்ல பிள்ளைகளுக்கே இப்போது இடம் கிடைப்பதில்லையே, ஏன்?

இது முக்கியமான கேள்வி. 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற நினைக்கும் வீரர்களின் பட்டியல் அது. ஏற்கெனவே கல்லூரியில் ஆடிப் பழகிய 20 வயது வீரன் அதில் கிடைக்கும்போது, 17 வயதுப் பையன் தேறி வர இரண்டு வருடம் காத்திருக்க எந்தக் கோச்சுக்கும் பொறுமை இல்லை, தோற்றால் போவது அவர் வேலை. வெளிநாட்டு வீரர்களும் நிறைய வருகிறார்கள். வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் தரலாம் என்ற 2025 வழக்குச் சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் சாக்கர் அணிக்கு 28 பேர்தான். ஆண்களுக்கு டிவிஷன் 1 அணிகள் 200 சொச்சம், பெண்களுக்கு 300க்கு மேல். மகன் என்றால் டிவிஷன் 2, 3 கல்லூரிகளுக்கும் இப்போதே எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: கோச் வாய்மொழியாக இடம் உறுதி என்றார். மற்ற இடங்களுக்கு எழுதுவதை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது, அவரே வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். உதவித்தொகை ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு நிறுத்துங்கள்.