வெளிப்படுத்தின விசேஷம் தந்த தலைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' (1957) படத்தில் முத்திரை எதுவும் வரவில்லையே?

பதில்: வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில், ஒரு சுருளை மூடியிருக்கும் ஏழு முத்திரைகள் ஒவ்வொன்றாக உடைக்கப்படுகின்றன. ஏழாம் முத்திரை உடைக்கப்பட்டபோது பரலோகத்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் அமைதி நிலவியது என்று எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் கூறுகிறது. கொள்ளைநோய் பரவிய சுவீடனுக்குச் சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வீரன், கடவுள் ஏன் மௌனமாக இருக்கிறார் என்று தவித்தபடியே மரணத்தோடு சதுரங்கம் ஆடுகிறான். தலைப்பு அந்த மௌனத்தையே சுட்டுகிறது. தலைப்புக்குரிய வசனத்தோடு நிற்காமல் அதிகாரம் முழுவதையும் படியுங்கள்.

கேள்வி: 'அர்மகெதோன்' (1998) படத்தில் வரும் விண்கல் வேதாகமத்தில் உள்ளதா?

பதில்: இல்லை. பதினாறாம் அதிகாரத்தில் அர்மகெதோன் என்பது அரசர்கள் போருக்குக் கூட்டப்படும் இடம். எரிந்து விழும் நட்சத்திரம் எட்டாம் அதிகாரத்தில் வருகிறது. அதிகாரத்தைப் படியுங்கள்.

கேள்வி: 'அயர்ன் மெய்டன்' குழுவின் 1982ஆம் ஆண்டு இசைத்தொகுப்பின் தலைப்பில் வரும் மிருகத்தின் எண், இனி வரப்போகும் ஒருவரையா குறிக்கிறது?

பதில்: 666 என்பது ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரெய எழுத்துகளின் எண்மதிப்பால் குறிக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து, சில பழைய படிகளில் 616 என்றும் உள்ளது. நானும் அக்கருத்தையே ஏற்கிறேன்.

கேள்வி: 666 இன்றைய தலைவர் யாரையேனும் குறிக்குமா?

பதில்: மேலே விடை தந்துவிட்டேன்.

கேள்வி: ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய 'கோபத்தின் திராட்சைகள்' நாவலின் தலைப்பும் இந்நூலிலிருந்து வந்ததுதானே?

பதில்: ஆம். பதினான்காம் அதிகாரத்தில் தூதன் திராட்சைக் குலைகளை அறுத்துத் தேவகோபத்தின் ஆலையில் போடுகிறான். ஆலையிலிருந்து இரத்தம் பெருகுகிறது.

கேள்வி: மறுக்கிறேன். அத்தொடர் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜூலியா வார்ட் ஹவ் எழுதிய பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. தலைப்பைச் சொன்னவர் ஸ்டைன்பெக்கின் மனைவி கேரல்.

பதில்: இரண்டும் உண்மை, பாட்டு முழுவதையும் நூலில் அச்சிடவேண்டும் என்று ஸ்டைன்பெக்கே வற்புறுத்தினார். ஆயினும் 1862இல் வெளிவந்த அப்பாட்டின் திராட்சை ஆலை இந்த அதிகாரத்திலிருந்து வந்தது. இதற்கும் முன்னால், பழைய ஏற்பாட்டில் ஏசாயா நூலின் 63ஆம் அதிகாரத்திலேயே அந்த ஆலை இருக்கிறது.

கேள்வி: பாட்டு போர்ப்படைக்காக எழுதப்பட்டது, நாவலோ ஏழைகளுக்காக எழுதப்பட்டது. இரண்டுக்கும் ஒரே வேர் என்பது எப்படிப் பொருந்தும்?

பதில்: இந்த அமர்விலேயே மிகச் சிறந்த கேள்வி இது. வெளிப்படுத்தின விசேஷத்தில் அரிவாள் தூதனின் கையில் இருக்கிறது, மனிதருக்கு அந்த அறுவடையில் பங்கில்லை. ஹவ்வின் பாட்டில், அடிமைமுறையை எதிர்த்து வடமாநிலப் படை நடத்தும் போரே கடவுளின் அறுவடையாகிறது. ஸ்டைன்பெக்கோ, நிலமிழந்து கலிபோர்னியாவுக்கு வந்த குடும்பங்கள் பசித்திருக்க, விலை சரிந்துவிடக்கூடாது என்று பழங்கள் அழிக்கப்படுவதைக் காட்டிவிட்டு, மக்களின் ஆன்மாக்களில் கோபத்தின் திராட்சைகள் பழுத்துக் கனக்கின்றன என்று இருபத்தைந்தாம் அத்தியாயத்தை முடிக்கிறார். அங்கே குலைகள் கனிந்துவிட்டன. அரிவாள் யார் கையில் என்று அவர் சொல்லவில்லை. வேர் ஒன்றாக இருப்பதனால்தான் இந்த மாற்றம் தெரிகிறது.

கேள்வி: 666 பற்றி...

பதில்: மூன்றாம் கேள்விக்குரிய விடையையும் பதின்மூன்றாம் அதிகாரத்தையும் படியுங்கள்.