கழலாத ஸ்க்ரூ, தராத பில்

பள்ளத்தூர் வாசகர்: 2012 மாடல் கார். நம்பர் பிளேட் விரிசல் விட்டுவிட்டது, மாற்ற வேண்டும். ஸ்க்ரூ துருப்பிடித்து, ஸ்டார் தலையும் வழுக்கிவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் தலையில் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடுங்கள். பாதிப் பேருக்கு வழுக்குவதே ஸ்க்ரூடிரைவர் முழு ஆழத்துக்கு இறங்காததால்தான். டபிள்யூ.டி.-40 போன்ற துரு இளக்கும் ஸ்ப்ரேயை முன்னாலும், கை போனால் பின்னால் மரை தெரியும் இடத்திலும் அடித்து, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தி, முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம், அப்புறம் கழற்றும் பக்கம். 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தால் இளகிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பின்னால் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. அதைக் குறடால் பிடியுங்கள். எதற்கும் மசியவில்லையா? தண்டைவிடப் பெரிய, தலையைவிடச் சிறிய டிரில் பிட்டால் தலையை மட்டும் தின்ன விடுங்கள். பிளேட் கையோடு வந்துவிடும், மிச்சத் தண்டைக் குறடால் திருகி எடுக்கலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நெருப்பு காட்டவே வேண்டாம், பம்பர் பிளாஸ்டிக்.

கோட்டையூர் வாசகர்: ஆன்லைனில் 199 ரூபாய்க்கு ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் (தலை வழுக்கிய ஸ்க்ரூவைக் கவ்வித் திருகி எடுக்கும் கருவி) செட் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். அந்த விலைக்கு வந்த ஒன்றை நானும் வாங்கினேன். முதல் ஸ்க்ரூவுக்குள்ளேயே அதன் முனை ஒடிந்து உட்கார்ந்துகொண்டது.

தேவகோட்டை வாசகி: பட்டறையில் பிளேட் மாற்றக் கொடுத்தோம். ஸ்க்ரூ வரவில்லை என்று நெம்பி, பம்பரையே உடைத்துவிட்டார்கள். "வண்டி பழசு, ஆச்சி. நாங்க என்ன செய்ய?" என்று சொல்லி, கூலியையும் வாங்கிக்கொண்டார்கள். பில் தரவில்லை.

ஆச்சி, வண்டி பழசு என்பது அவர்களுக்கு முன்னாலேயே தெரியும். நெம்பினால் உடையும் என்பதும் தெரியும். உங்களிடம் கேட்காமல் நெம்பியது சேவைக் குறைபாடு. பில் தராததை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. உடைந்த இடத்தைப் படம் எடுங்கள். பம்பர் செலவைக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் மேல் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. விட்டுவிடாதீர்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: 2021 கார். பின் பிளேட் நசுங்கியது. ரோட்டோர ஸ்டிக்கர் கடையில் அச்சு அசலாக ஒன்று அடித்து ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தார்கள். செல்லும்தானே?

செல்லாது. 2019 ஏப்ரல் 1 முதல் வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட்தான். அசோகச் சக்கர ஹாலோகிராமும் இடது கீழ் மூலையில் லேசர் எண்ணும் இருக்கும், அந்த எண் உங்கள் வண்டியோடு பதிவாகியிருக்கும். அதைப் பூட்டும் ஸ்னாப் லாக்கை உடைக்காமல் கழற்ற முடியாது. கடைக்காரர் ஸ்க்ரூவைக் கையில் எடுத்தபோதே நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா? லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டிக்கு டீலரிடம் ஒரு போன் செய்ய நேரமில்லை என்றால் என்ன சொல்ல? இனியாவது டீலர் மூலம் ஆர்டர் போடுங்கள்.

புதுவயல் வாசகர்: புதுப் பிளேட்டுக்கு எந்த ஸ்க்ரூ வாங்குவது?

இதைக் கேட்க ஒருவராவது வந்தாரே! துரு ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. அதே ஊரைச் சுற்றி, முலாம் பூசிய இரும்பு ஸ்க்ரூவை 'ஸ்டெயின்லெஸ்' என்று கூசாமல் விற்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் விற்றார்கள். அடுத்த மழைக்காலத்திலேயே, வெள்ளைப் பிளேட்டில் இரண்டு ஸ்க்ரூவுக்கும் கீழே செம்பழுப்புக் கோடு எண்கள் மேல் வழிந்திருந்தது. முலாம் போனதும் இரும்பு துருவேறி உப்பி மரையை இறுக்கிக்கொள்ளும். அலுமினியப் பிளேட்டோடு உரசும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக அரிக்கும். தொண்டிப் பக்கம் அடிக்கடி போகிற வண்டி என்றால் உப்புக்காற்று வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். பின்னால் வருகிற பம்பர் உடைப்பு, டிரில் கூலி எல்லாம் இந்தச் சில்லறை ஸ்க்ரூவில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் விற்றவரை யாரும் போய்க் கேட்பதில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

304 ரக ஸ்டெயின்லெஸ் என்று கேளுங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், 'டப்' என்று ஒட்டினால் அது 304 இல்லை. நைலான் வாஷர் போட்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

ராயவரம் வாசகி: அப்பச்சி காலத்துத் தேக்குக் கதவில் கீல் ஸ்க்ரூ கழலவில்லை. ஆசாரி பழைய கீலை எடுத்துக்கொண்டு இலவசமாகப் புதுசு மாட்டித் தருகிறாராம்.

கொடுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமானுக்கு விலை உண்டு என்பது அவருக்குத் தெரியும். சூடான சால்டரிங் ராடை ஸ்க்ரூ தலையில் கொஞ்ச நேரம் வைத்து, ஆறவிட்டுத் திருகிப் பாருங்கள். கீல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.