விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் புது நெட்வொர்க் கார்டு (அடாப்டர்) போட்டேன். பழைய ஐபி முகவரியைக் கொடுத்தால், ‘இது ஏற்கெனவே வேறொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று வருகிறது. என்ன செய்வது?

அந்தச் செய்தியை முதல்ல கடைசி வரைக்கும் படிச்சுப் பாருங்க. இன்னொரு கணினியோட மோதுதுன்னு அது சொல்லவே இல்லை. இதே பெட்டிக்குள்ள, இப்ப கண்ணுக்குத் தெரியாத ஒரு கார்டுகிட்ட அந்த முகவரி இருக்குதுன்னுதான் சொல்லுது. பாதியோட படிக்கிறதை நிறுத்திட்டு நான் ஒரு ராத்திரி பூரா அலைஞ்சிருக்கேன்.

அவிநாசிப் பக்கம் ஒரு எம்பிராய்டரி யூனிட். டிசைனை மெஷினுக்கு அனுப்பற சாஃப்ட்வேர் எக்ஸ்பியில மட்டும்தான் ஓடும். அதோட சிடி எங்கன்னு யாருக்கும் தெரியாது. சித்திரை மழையில இடி விழுந்து, மதர்போர்டுலயே இருந்த லேன் போர்ட் போயிடுச்சு. காந்திபுரத்துல ஒரு பிசிஐ கார்டு வாங்கி மாட்டி, மெஷின்கள்ல பதிஞ்சிருந்த பழைய நம்பரையே கொடுத்தேன். உடனே இந்த எச்சரிக்கை. ஆபீஸ்ல வேற எதுலயோ அதே நம்பர் இருக்குன்னு நினைச்சு பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா டிவிஆர்னு ஒவ்வொண்ணா அணைச்சேன். கடைசியில ஸ்விட்ச்ல இருந்த கேபிளை எல்லாம் பிடுங்கிட்டேன். அப்பவும் அதே செய்தி. அப்புறந்தான் உறைச்சுது.

பின்னாடி நின்ன ஓனர், “ஏனுங் தம்பி, பேசாம ஃபார்மேட் போட்றலாமுங்களா?”ன்னார்.

“இருங்கண்ணா. போட்டுட்டு அந்த சாஃப்ட்வேரை எங்க போய்த் தேடறது?”

விஷயம் இவ்வளவுதான். எக்ஸ்பி ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியா ஐபியை ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸோட அமைப்புக் கணக்குப் புத்தகத்துல, எழுதி வைக்கும். கார்டைக் கழட்டினாலும், அது எரிஞ்சே போனாலும் அந்தக் கணக்கை மூடாது. டிவைஸ் மேனேஜர்ல ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ கொடுத்தாக்கூட இந்த ஆவி சாதாரணமாத் தெரியாது. அதுக்கு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ‘செட்’னு அடிச்சு ஒரு இடம் விட்டு, டெவ்எம்ஜிஆர், ஷோ, நான்பிரசன்ட், டிவைசஸ் இந்த நாலையும் அடிக்கோட்டால இணைச்சு, கடைசியில =1 போட்டு என்டர் தட்டணும். எல்லாமே ஆங்கில எழுத்துல: set devmgr_show_nonpresent_devices=1 அதே கறுப்பு ஜன்னல்ல இருந்தே ‘டெவ்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி’யை (devmgmt.msc) ஓட்டுங்க. வேற வழியாத் திறந்தா இந்த அமைப்பு அதுக்குப் போகாது. இப்ப வியூ மெனுவுல ஹிடன் டிவைசஸைக் காட்டச் சொன்னா, நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழ பழைய கார்டு வெளிறின ஐகானோட நிக்கும். வலது கிளிக், அன்இன்ஸ்டால். பக்கத்துல வான் மினிபோர்ட், பாக்கெட் ஷெட்யூலர்னு ஒரு கூட்டமே தெரியும், அதெல்லாம் விண்டோஸோட சொந்தச் சரக்கு, அதுகளைத் தொட்டுறாதீங்க.

வேற ஐபி கொடுக்கறீங்களான்னு கேக்கற அந்த எச்சரிக்கையில ‘நோ’ அமுக்கினாலும் பெரும்பாலும் வேலை ஓடிரும். எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. பாதி செத்த லேன் போர்ட் என்னிக்காவது முழிச்சா, ஒரே முகவரிக்கு ரெண்டு பேர் நிப்பாங்க. அதனால கணினி ஆன் ஆகும்போதே திறக்கற பயாஸ் செட்டப்புல ஆன்போர்ட் லேனையும் டிசேபிள் பண்ணிருங்க.

கார்டு மேல மஞ்சள் குறி இருந்தா அது வேற கதை, டிரைவர். ப்ராப்பர்ட்டீஸ்ல டீடெயில்ஸ் டேப்ல வர்ற எண்ணைப் பாருங்க. ரியல்டெக் 8139னா எக்ஸ்பிக்குள்ளயே டிரைவர் இருக்கு. 8168னா தனியாப் போடணும். ஐபி 169.254ன்னு ஆரம்பிச்சா ஐபியைத் தானா கொடுக்கற டிஹெச்சிபி கிட்ட இருந்து பதிலே வரலைன்னு அர்த்தம். கேபிளையும் போர்ட் லைட்டையும் பாருங்க.

எல்லாம் சரியாகியும் விண்டோஸ் 10 கணினியோட ஷேர் ஃபோல்டர் திறக்கலைன்னா கார்டைக் குறை சொல்லாதீங்க. ஃபோல்டரைப் பகிர்றதுக்கு எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது எஸ்எம்பி 1ங்கற பழைய முறை மட்டும்தான். 2017 கடைசியில வந்த பதிப்புல இருந்து விண்டோஸ் 10 புதுசாப் போடும்போது அதைச் சேர்க்கறதில்லை. அதே வருஷம் மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் வைரஸ் புகுந்தது அந்த வழியாத்தான். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஓட முடிஞ்சாச்சு. நான் அந்த யூனிட்ல, எக்ஸ்பி இன்டர்நெட்டுக்குப் போகாம இருக்கட்டும்னு ஐபி அமைப்புல கேட்வே கட்டத்தைக் காலியா விட்டுட்டு, டிசைனை பென்டிரைவ்ல கொண்டு வரச் சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, கார்டை வேற ஸ்லாட்டுக்கு மாத்தினாலும் எக்ஸ்பி அதைப் புதுக் கார்டுன்னே நினைக்கும். இன்னொரு ஆவி சேரும். அதான் சிபியு முதுகுல ‘இந்த ஸ்லாட்டை மாத்தாதீங்க’ன்னு மார்க்கர்ல எழுதி வெச்சேன். ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் போய்ப் பார்த்தா, சரியா அந்த எழுத்து மேலதான் சந்தனம் அப்பியிருக்காங்க.