மானரிங்கைப் பார்த்துச் சிரிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குரோய்டனில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. சனிக்கிழமை மாலையானால் என் மகன் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பிபிசி டூவில், இரண்டாம் உலகப்போர்க் கால ஊர்க்காவல் படையைப் பற்றிய 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரைப் பார்க்கிறான். அவனுக்கு வயது பதினொன்று, தொடர் வந்ததோ 1968இல். அலுவலகத்தில் கணினி நின்றுபோனால்கூட யாராவது அந்தத் தொடரின் வசனமான 'டோன்ட் பேனிக்!' என்று கத்துகிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது. கூடவே ஒரு உறுத்தலும் வருகிறது. 1943இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். அதே போரை வைத்துத் தங்கள் தாத்தாக்களை நினைத்து இவர்கள் உருகுவது பேரரசு ஏக்கம்தானே? இந்தத் தொடரின் எழுத்தாளர்களே இந்தியாவின் தேவ்லாலி ராணுவ முகாமை வைத்து எழுதிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரை பிபிசி இப்போது ஒளிபரப்புவதில்லை. அதை ஒதுக்கியவர்கள் இதை மட்டும் ஏன் கொண்டாடுகிறார்கள்? என் மகன் இதைப் பார்க்கட்டுமா?

க.

அன்புள்ள க.,

பார்க்கட்டும். நீங்களும் கூட உட்காருங்கள்.

ஏக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. தொடரின் தலைப்புப் பாடலே அதற்காகச் செய்யப்பட்டதுதான். போர்க்காலப் பாடல் என்று பலர் இன்றும் நம்பும் அந்தப் பாட்டு 1960களில் எழுதப்பட்டது. போர்க்காலத்தில் புகழ்பெற்றிருந்த பட் ஃபிளானகனைத் தேடிப்பிடித்துப் பாடவைத்தார்கள். தொடர் தொடங்கிய சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார். ஆனால் ஏக்கத்தை மட்டும் நம்பிய நகைச்சுவை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். உங்கள் மகனுக்கு 1940ஐப் பற்றி என்ன ஏக்கம் இருக்க முடியும்?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 மே 14 அன்று மாலை போர் அமைச்சர் அந்தோனி ஈடன் வானொலியில் பேசினார். ராணுவத்தில் இல்லாத, 17 முதல் 65 வயது வரையுள்ள ஆண்கள் உள்ளூர்த் தற்காப்புக்கு வரவேண்டும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் காவல் நிலையங்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு வாரத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர். கொடுக்கத் துப்பாக்கி இல்லை. கிடைத்த வேட்டைத் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். பின்னால் இரும்புக் குழாயில் துப்பாக்கிக் கத்தியைப் பற்றவைத்து ஈட்டி என்று அனுப்பிவைத்தது அரசு. வாங்கியவர்களுக்குக் கோபம்தான் வந்தது. இதுதான் ஊர்க்காவல் படை. ஜிம்மி பெர்ரி பதின்வயதில் அதில் இருந்தவர். டேவிட் கிராஃப்டுடன் சேர்ந்து 1977 வரை 80 பகுதிகள் எழுதினார். போரின் தியாகத்தைக் கிண்டல் செய்வதாகிவிடுமோ என்று பிபிசிக்குள்ளேயே அப்போது தயக்கம் இருந்தது. நீங்கள் எதைப் பெருமிதம் என்று பார்க்கிறீர்களோ, அதை அன்று அவமதிப்பு என்று பயந்தார்கள்.

வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனைக் கடற்கரை ஊர். வங்கி மேலாளர் மானரிங் தன்னைத் தானே கேப்டனாக நியமித்துக்கொள்கிறார். அவருடைய தலைமை எழுத்தர் வில்சன் சார்ஜென்ட். கறிக்கடைக்காரர் ஜோன்ஸ் லான்ஸ் கார்ப்பரல். பிறகு சவப்பெட்டிக் கடை ஃபிரேசர், கள்ளச்சந்தை வாக்கர், அடிக்கடி சிறுநீர் கழிக்க அனுமதி கேட்கும் காட்ஃபிரே, அம்மா கட்டிவிட்ட கழுத்துத்துணியோடு வரும் பையன் பைக். இவர்களைச் சதா வம்புக்கிழுக்கும் ஏ.ஆர்.பி. (வான்தாக்குதல் தற்காப்பு) வார்டன் ஒருவர். (ஏ.ஆர்.பி. வார்டன்கள் 1942இல் சென்னையிலும் இருந்தார்கள்.) இத்தனை பேரும் ஜெர்மானியர்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்தப் படையெடுப்பு வரவே இல்லை என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இந்தத் தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். நமக்குத் தெரிந்ததால் அவர்களுடைய மணல்மூட்டையும் அணிவகுப்பும் ரகசியச் சொல்லும் கேலிக்கூத்தாகத் தெரிகின்றன. அவர்களுக்குத் தெரியாததால் அவர்களுடைய தைரியம் அசல்.

'தி பேட்டில் ஆஃப் காட்ஃபிரேஸ் காட்டேஜ்' என்ற பகுதியைப் பாருங்கள். 1940இல் தேவாலய மணிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். எதிரி இறங்கினால் மட்டுமே அடிக்கவேண்டும். ஒரு நாள் மணி அடிக்கிறது. கையில் கிடைத்த இரண்டு மூன்று பேரோடு காட்ஃபிரேயின் வீட்டுக்குப் போய் மானரிங் காவலுக்கு உட்காருகிறார். இது நமக்குக் கடைசியாகத்தான் இருக்கும், தெரிகிறதா என்று கேட்கிறார். தெரிகிறது என்கிறார்கள். வீட்டிலிருக்கும் வயதான சகோதரிகளுக்குத் தேநீர் உபசாரம்தான் முக்கியம். மணி தவறுதலாக அடிக்கப்பட்டது என்பது பிறகு தெரியவருகிறது. அந்த அரைமணி நேரத்தில் அந்தத் தொப்பைக்காரர் சாகத் தயாராக இருந்தார் என்பதை மட்டும் எந்தச் சிரிப்பாலும் அழிக்க முடியவில்லை.

பேரரசுப் பெருமிதம் என்றால் மானரிங் நிமிர்ந்து நிற்கும் வீரராக அல்லவா இருக்கவேண்டும்? அவரோ உதவித்தொகையில் படித்து, கீழிருந்து முட்டி மோதி மேலாளர் நாற்காலிவரை வந்தவர். வில்சன் உயர்குடிப் பள்ளியில் படித்தவர். எந்த முயற்சியும் இல்லாமல் எல்லாருக்கும் பிடித்துப்போகிறவர். 'அது சரிதானா சார்?' என்று மெல்லிய குரலில் வில்சன் கேட்கும்போதெல்லாம் மானரிங்கின் முகம் சுருங்கும். சொல்வது தவறு என்பதற்காக மட்டும் அல்ல, சொல்லும் உச்சரிப்புக்காகவும். ஒரு பகுதியில் குடும்பத்தில் யாரோ இறந்ததால் வில்சனுக்கு ஒரு பட்டம் வந்து சேர்கிறது. மானரிங் ஏங்கிக்கொண்டிருந்த கோல்ஃப் கிளப் வில்சனைக் கூப்பிடுகிறது. ஆங்கில வர்க்க அமைப்பைப் பற்றி இதைவிடக் குரூரமான அரைமணி நேரத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. ஹிட்லரை எதிர்த்து நிற்கத் துணிந்தவரால் சொந்த எழுத்தருக்கு முன்னால் நிமிர முடியவில்லை.

புகழ்பெற்ற அந்த நகைச்சுவைக் காட்சியும் இதே ஆளிடமிருந்துதான் பிறக்கிறது. 1973இல் வந்த 'தி டெட்லி அட்டாச்மென்ட்'. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன், நாங்கள் ஜெயித்த பிறகு பழிவாங்குவதற்கு என்று பெயர்களைக் குறித்துக்கொள்கிறான். பைக் ஹிட்லரைக் கேலிசெய்து பாடுகிறான். உன் பெயரும் பட்டியலில் சேரும், பெயர் என்ன என்று கேட்கிறான் கேப்டன். பையனைக் காப்பாற்றப் பாய்கிறார் மானரிங்: 'சொல்லிவிடாதே, பைக்!' முட்டாள்தனம், அக்கறை இரண்டும் ஒரே வரியில். ஆர்தர் லோ அதைச் சொல்லும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எழுத்தில் பாதிதான் வரும்.

நடிகர்களைப் பற்றியும் கொஞ்சம். காட்ஃபிரேயாக வரும் ஆர்னல்ட் ரிட்லி 1896இல் பிறந்தவர், முதல் உலகப்போரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் படுகாயம் பட்டவர். ஜோன்ஸாகக் கிழவேடம் போட்ட கிளைவ் டன்னுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் போர்க்கைதியாக ஆஸ்திரியாவில் வருடக்கணக்கில் கிடந்தவர். வில்சனாக வரும் ஜான் லெ மெஷூரியர் நிஜத்திலேயே கேப்டனாக இருந்தவர், இந்தியாவின் வடமேற்கு எல்லையிலும் பணிபுரிந்தார். 'பிராண்டட்' பகுதியில் காட்ஃபிரே தான் முதல் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவன் என்று ஒப்புக்கொள்கிறார். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பிறகு புகை மண்டிய குடிசையிலிருந்து மானரிங்கை அவர்தான் மீட்கிறார். சோமில் காயம்பட்டவர்களைச் சுமந்ததற்காக அவர் வீரப்பதக்கம் வாங்கியவர் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வருகிறது. அதைச் சொல்வதும் அவருடைய சகோதரி, அவர் அல்ல. சோமில் நிஜமாகவே இருந்த ஒருவர் இதை நடிக்கிறார் என்று தெரிந்து பாருங்கள்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். அதற்கு நியாயமான இடம் தொடருக்குள்ளேயே இருக்கிறது: ஜோன்ஸின் சூடான் கதைகள். பிரிட்டிஷ் தளபதி கிட்சனரின் காலத்தில் அங்கே போரிட்டதாகவும், கத்தியைக் காட்டினால் 'அவர்களுக்கு' அது பிடிக்காது என்றும் வாரந்தோறும் சொல்வார். கேட்கும் மானரிங்குக்கே சலிப்புத் தட்டும், நகைச்சுவையும் அந்தச் சலிப்பின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் போரில் சூடானின் ஓம்டர்மானில் செத்துவிழுந்தவர்கள் ஒரு பழக்கச் சொல்லாக மிஞ்சியிருக்கிறார்கள். அங்கே எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தேவ்லாலி தொடரில் இந்தக் குறைதான் அஸ்திவாரம். பெர்ரி தேவ்லாலியில் நிஜமாகவே இருந்தவர், கண்டதைத்தான் எழுதினேன் என்பது அவர் பக்கம். ரங்கி ராம் என்ற பணியாளர் 'நாம் பிரிட்டிஷ்காரர்கள்' என்று பேசுவது கூர்மையான பகடியாகியிருக்க வேண்டியது. ஜான்சியில் பிறந்த மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு அதைச் சொன்னார். மானரிங்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ரங்கி ராமைப் பார்த்து அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

வங்கத்தைப் பற்றி வால்மிங்டன்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் மகனுக்குத் தெரியவேண்டும் என்றால் நீங்கள்தான் சொல்லவேண்டும், அதைத் தொடரிடம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் ஒரே மாலையில் தாங்குவதற்குப் பதினொரு வயது போதும்.

முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கவேண்டியதில்லை. எப்படியும் இரண்டாம் பருவத்தின் மூன்று பகுதிகள் பிபிசியிலேயே அழிந்துவிட்டன. நான் மேலே சொன்னவற்றிலிருந்து தொடங்குங்கள். வாக்கர் ஏன் பாதியில் காணாமல் போகிறார் என்று பையன் கேட்பான்: ஜேம்ஸ் பெக் 1973இல் 44 வயதில் இறந்துவிட்டார், அந்தப் பாத்திரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. 2016இல் எடுத்த திரைப்படம் வேண்டாம். நல்ல நடிகர்கள்தான், ஆனால் அதில் ஜெர்மானியர்கள் நிஜமாகவே வந்துவிடுகிறார்கள்.